ஓசிஐ அட்டை, அடையாறு வீடு, வாரத்தில் இரண்டு அரைநாள்: எங்கே தொண்டு செய்யலாம்?

கேள்வி: நான் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவள், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) இருக்கிறது. கணவர் ஜெர்மன்காரர், வேலை விசாவில் ஒரகடத்தில் பணிபுரிகிறார். இன்னும் இரண்டு வருஷம் அடையாறில்தான் இருப்போம். வாரத்தில் இரண்டு அரைநாள் எனக்கு ஓய்வு. பக்கத்தில் ஏதாவது தொண்டு நிறுவனத்தில் உதவ ஆசை. கொஞ்சம் பணமும் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். எதில் ஆரம்பிப்பது?

பதில்: பணத்தில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள். நீங்கள் அடையாறிலேயே பிறந்து வளர்ந்தவராக இருந்தாலும் சரி, உள்ளூர் வங்கிக் கணக்கிலிருந்து ரூபாயாகவே கொடுத்தாலும் சரி, கையில் இருப்பது அமெரிக்க பாஸ்போர்ட் என்றால், சட்டத்தின் கண்ணில் அது வெளிநாட்டு நன்கொடைதான். ஓசிஐ அட்டை இதில் உதவாது. இந்திய பாஸ்போர்ட்டோடு துபாயில் இருப்பவர் தன் சேமிப்பிலிருந்து கொடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை, உங்களுக்கு உண்டு.

வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் (எஃப்சிஆர்ஏ, 2010) கீழ் பதிவோ முன் அனுமதியோ பெற்ற நிறுவனம்தான் இதை வாங்கலாம். அதுவும் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் இதற்கென்றே வைத்திருக்கும் கணக்கில்தான் வந்து விழ வேண்டும். எனவே "எஃப்சிஆர்ஏ பதிவு இருக்கிறதா, எந்தத் தேதி வரை?" என்று கேளுங்கள். பதிவு 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுவது. பழைய சான்றிதழின் நகலைக் காட்டினால் போதாது. நிறுவனத்துக்குக் கொடுக்கும் கணினி, அலமாரி போன்ற பொருளும் வெளிநாட்டு நன்கொடைதான்.

இங்கே பலரும் செய்கிற தவறு ஒன்று. "சரி, அம்மாவிடம் கொடுத்து அவர் பெயரில் ரசீது போட்டுக்கொள்கிறேன்" என்பார்கள். வெளிநாட்டவரிடமிருந்து பெற்றதை இன்னொருவர் கைமாற்றிக் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடையே என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. உங்கள் நல்லெண்ணத்துக்கு அந்த நிறுவனம் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்.

நேரம் கொடுப்பதில் இந்தத் தொல்லை இல்லை. சம்பளம் வாங்காமல் பாடம் சொல்லித்தர, கணக்கு எழுத, கடற்கரையில் குப்பை பொறுக்க ஓசிஐ அட்டைக்குத் தனி அனுமதி தேவையில்லை. மதப் பிரசாரம், பத்திரிகைப் பணி, ஆய்வு ஆகியவற்றுக்குத் தேவை. கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். "சும்மா ஒரு சர்வே" என்று வீடு வீடாக அனுப்பினால், அந்தத் தகவல் ஆய்வுக்கட்டுரைக்குப் போகிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

உங்கள் கணவரின் விசா ஒரு நிறுவனத்தோடு கட்டப்பட்டது. இன்னோர் இடத்தில் பொறுப்போ, மதிப்பூதியமோ ஏற்க வேண்டாம். ஏதாவது பதவி தருகிறோம் என்றால், சாஸ்திரி பவனில் இருக்கும் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்திடம் இணையம் வழியாக எழுதிக் கேட்டுப் பதில் வாங்கிய பிறகு போகட்டும். மாமியார் இ-டூரிஸ்ட் விசாவில் வந்து கூடச் சேர்ந்தால், ஒரு மாதம் வரை ஊதியமில்லாத தொண்டு செய்யலாம். அதற்கு ஈடாக இலவசத் தங்கலும் சாப்பாடும் வாங்கினால் அந்தச் சலுகைக்குள் வராது.

எந்த வேலை? பலரும் முதலில் சொல்வது, குழந்தைகளுக்கு ஆங்கிலம். அதற்குக் குற்றப் பின்னணி இல்லை என்ற சான்று கேட்பார்கள். கேட்காத இடத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். அமெரிக்காவில் வாழ்ந்த காலத்துக்கு எஃப்பிஐ சான்று (18 டாலர், விரல்ரேகை அட்டையோடு), இங்கே இருக்கும் காலத்துக்குத் தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சரிபார்ப்பு. மை சரியாகப் பதியாமல் விரல்ரேகை திரும்பி வருவது சகஜம். இரண்டு அட்டைகளாக எடுத்து அனுப்புங்கள். ஜூனில் பள்ளி திறந்த கையோடு சேர்வது உத்தமம். அக்டோபருக்கு மேல் மழை விடுமுறையும் அரையாண்டுத் தேர்வும் வகுப்பைத் தின்றுவிடும்.

நாய், பூனைக் காப்பகம் என்றால் வெறிநாய்க்கடி முன்தடுப்பு ஊசி 3 தவணை: முதல் நாள், 7ஆம் நாள், பிறகு 21 அல்லது 28ஆம் நாள். ஆக, ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும்.

எங்களைக் கேட்டால், உங்களுக்குப் பொருத்தம் பார்வையற்ற மாணவர்களுக்கான பாடநூல் திருத்தம். தேர்வு எழுதித் தரப் போகலாமே என்று தோன்றும். ஆனால் பல தேர்வுகளில், மாணவர் தானே அழைத்துவரும் எழுத்தர் அவரைவிடக் குறைவாகப் படித்திருக்க வேண்டும். நீங்கள் பட்டதாரி என்றால் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். புத்தகத்தை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றும்போது கணினிக்கு 'ர'வும் துணைக்காலும் ஒன்றுபோலத் தெரியும். 'பாடம்' என்பது 'பரடம்' ஆகும்; திரைவாசிப்பான் (திரையில் இருப்பதை உரக்கப் படிக்கும் மென்பொருள்) அப்படியே 'பரடம்' என்று படிக்கும். தமிழ் சரளமாகத் தெரிந்த ஒருவர்தான் இதை வரி வரியாகப் பார்க்க முடியும். வீட்டிலிருந்தே செய்யலாம். தொடக்கத்தில் ஒரு அரைநாளுக்கு 10 பக்கத்துக்கு மேல் ஒத்துக்கொள்ளாதீர்கள். 50 பக்கம் வாங்கி வைத்துக்கொண்டு பாதியில் விட்டால், அந்த மாணவருக்குப் பருவத் தேர்வு வந்துவிடும்.

கணவரோடு சேர்ந்து போக வேண்டுமென்றால் கடலாமை நடை இருக்கிறது. மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு 1988 முதல் நடத்துவது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் ராத்திரி நடை. பங்குனி ஆமை ஒரு குழியில் நூற்றுக்கு மேல் முட்டை இடும். குழியைத் தேடித் தோண்டுவதும் முட்டையைக் கையாள்வதும் வனத்துறை அனுமதி உள்ளவர்கள் வேலை. உருட்டினால் உள்ளே ஒட்டியிருக்கும் கரு செத்துவிடும் என்பதால் எடுத்த வாக்கிலேயே பொரிப்பகத்துக்குக் கொண்டுபோவார்கள். நீங்கள் பின்னால் நடந்தால் போதும். தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். டார்ச் வேண்டாம், போன் வெளிச்சமும் வேண்டாம். கரையேற வரும் தாய் ஆமை வெளிச்சத்தைப் பார்த்தால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும்.