ஃபாஸ்ட் ஃபுட் கடை வேலையில் சேரலாமா? பாம்பன் வாசகிக்குப் பதில்

கேள்வி: எனக்கு 21 வயது. ஊர் பாம்பன். பி.காம். முடித்து ஒரு வருடம் ஆகிறது. அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறார், அம்மா கருவாடு விற்கிறார். ராமநாதபுரத்தில் ஒரு சிக்கன் கடையில் க்ரூ (கடை ஊழியர்) வேலை கிடைத்திருக்கிறது. “படிச்சிட்டு எச்சித் தட்டு எடுக்கவா போற?” என்று அம்மா கேட்கிறார். வேலை ரொம்பக் கஷ்டமா? இதில் மேலே வர முடியுமா? இரவில் கடை மூடும்வரை இருக்கிற குளோசிங் ஷிப்டும் பார்க்க வேண்டும் என்கிறார்கள். சேரலாமா அக்கா?

பதில்: சேரலாம் தங்கச்சி. ஆனால் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். குளோசிங் முடிந்த இரவு எங்கே தூங்கப்போகிறீர்கள்? நான் தேவிபட்டினத்துக்காரி. 16 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். பாதியில் நின்றுபோன நம் பக்கத்துப் பெண் பிள்ளைகள் பலரை எனக்குத் தெரியும். எண்ணெய்ச் சூட்டுக்குப் பயந்து போனவர்கள் குறைவு. ராத்திரி வீடு திரும்ப வழியில்லாமல் போனவர்கள்தான் அதிகம்.

கடை 11 மணிக்கு மூடுகிறது என்றால் உங்கள் வேலை 11 மணிக்கு முடியாது. ஃப்ரையரை (எண்ணெயில் பொரிக்கும் மெஷினை) அணைத்து, எண்ணெயை வடிகட்டி, மாவு புரட்டும் மேசையைக் கழுவி, தரையைத் தேய்த்து, சாக்கடை வலையில் அடைத்திருக்கும் கழிவை எடுத்து, மீதி ஸ்டாக்கை எண்ணி, கல்லாவை ஒப்படைக்கும்போது நள்ளிரவு தாண்டிவிடும். ராமநாதபுரத்திலிருந்து பாம்பன் 40 கிலோமீட்டருக்கு மேல். அந்த நேரத்தில் ‘யாராவது கொண்டுபோய் விடுவார்கள்’ என்று நம்பி வேலைக்குச் சேராதீர்கள். ராமநாதபுரத்திலேயே சொந்தக்காரர் வீடோ, பெண்கள் விடுதியோ பாருங்கள். இல்லையென்றால் ஓப்பனிங் ஷிப்ட் மட்டும்தான் பார்ப்பேன் என்று முதலிலேயே பேசி, அதை எழுதி வாங்குங்கள். கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று அனுமதி கொடுக்கும் தமிழக அரசாணையிலேயே பெண்களுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. இரவு 8 மணிக்கு மேல் வேலை வாங்க உங்கள் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும், பாதுகாப்பும் போக்குவரத்தும் அவர்கள் பொறுப்பு. இதைச் சண்டை போடுகிற மாதிரி கேட்க வேண்டாம். “குளோசிங்குக்கு வண்டி உண்டா சார்?” என்று கேட்டாலே அந்தக் கடை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

அம்மாவின் கேள்விக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆமாம், தட்டு எடுக்க வேண்டும். மேசை துடைக்க வேண்டும். முறை வரும்போது கழிப்பறையும் கழுவ வேண்டும். நல்ல கடையில் மேனேஜரும் கழுவுவார், மேனேஜர் தொடாத துடைப்பத்தை க்ரூவிடம் மட்டும் நீட்டுகிற கடை நல்ல கடை இல்லை. என் அம்மாவும் இதே கேள்வியைக் கேட்டார். என்னிடம் அன்றைக்குப் பதில் இல்லை. இன்றைக்கு இருக்கிறது: மீனைக் கீறி, குடல் எடுத்து, உப்புப் போட்டு வெயிலில் காய வைத்து உங்களைப் படிக்க வைத்த கைக்கு இந்த வேலை எந்த விதத்திலும் குறைந்தது இல்லை. சுத்தமாகச் செய்து, ஊரார் வயிறு கெடாமல் கொடுப்பதுதான் இரண்டிலும் வேலை.

சொல்லப்போனால் இந்தத் தொழிலின் பாதிப் பாடம் உங்கள் வீட்டிலேயே நடந்துவிட்டது. கரைக்கு வந்த மீனுக்கு ஐஸ் உடைத்துப் போடுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருப்பீர்கள். ஐஸ் தாமதமானால் விலை போய்விடும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். சிக்கன் கடையும் அதே கணக்கில்தான் ஓடுகிறது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிருமி வேகமாகப் பெருகும். அதனால் ஃப்ரீசர் மைனஸ் 18-ல் இருக்க வேண்டும், கூலர் 5-ஐத் தாண்டக் கூடாது, பொரித்த துண்டின் நடுப்பகுதி 75 டிகிரியாவது தொட வேண்டும், சூடாக வைக்கிற பெட்டி 60-க்குக் கீழே இறங்கக் கூடாது. ஒவ்வொரு டப்பாவிலும் நேரம் எழுதி ஒட்டுவார்கள், முதலில் வந்த சரக்கு முதலில் போகும். வெளியூர்ப் பிள்ளைகள் இந்த எண்களை மனப்பாடம் செய்வார்கள். நீங்கள் ஏன் என்று புரிந்து செய்வீர்கள். பயிற்சியாளராக நான் பார்த்த பெரிய வித்தியாசம் இதுதான், நம் கடற்கரைப் பிள்ளைகளிடம் கூலர் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பேசிக்கொண்டு நிற்கும் பழக்கம் இருக்காது.

வேலை எப்படிப் பிரிந்திருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1948-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மெக்டொனால்டு சகோதரர்கள் தங்கள் உணவகத்தை மூடி, சமையலறையை மாற்றி அமைத்து மறுபடி திறந்தார்கள். ஒருவர் இறைச்சி மட்டும் சுடுவார், ஒருவர் உருளைக்கிழங்கு மட்டும் பொரிப்பார், ஒருவர் பொட்டலம் மட்டும் கட்டுவார். இன்றைக்கும் எல்லா ஃபாஸ்ட் ஃபுட் கடையும் அந்த வழிதான். முதல் மாதம் உங்களை ஒரே இடத்தில் நிறுத்துவார்கள், அலுத்துப்போகும். அலுத்துப்போகும் நேரத்தில் அடுத்த இடத்தைக் கேட்டு வாங்குங்கள். கவுன்டர், ஃப்ரையர், மாவு புரட்டுதல், பார்சல், லாபி (வாடிக்கையாளர் உட்கார்ந்து சாப்பிடும் இடம்) என்று எல்லா இடமும் தெரிந்தவருக்குத்தான் ஷிப்ட் போடும்போது மதிப்பு.

அப்புறம், கஷ்டம். முதலில் கால். எட்டு மணி நேரம் நின்றால் முதல் இரண்டு வாரம் பாதம் வீங்கும். வழுக்காத அடிப்பாகம் உள்ள ஷூவை அரை அளவு பெரிதாக வாங்குங்கள், செருப்புடன் போக வேண்டாம். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே வந்திருக்கிறது, கூட்டம் இல்லாத நேரத்தில் உட்காருவதைத் தப்பு என்று நினைக்காதீர்கள். தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். நம் கடலோரப் புழுக்கத்தில் ஃப்ரையர் பக்கம் நிற்பது மதுரையிலோ கோவையிலோ நிற்பது போல் இல்லை, வியர்வை காயவே காயாது.

எண்ணெய் 170, 180 டிகிரியில் கொதிக்கும். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் நீராவியாகி ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும், அதுதான் தெறிப்பு. ஈரக் கையோடு கூடையைத் தொடாதீர்கள், ஐஸ் ஒட்டிய துண்டுகளை உதறிவிட்டுப் போடுங்கள். சுட்டுவிட்டால் வளையல், மோதிரத்தைக் கழற்றி, ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை வேண்டாம், ஐஸ் வேண்டாம், மாவு வேண்டாம். உள்ளங்கை அளவுக்குக் கொப்புளம் வந்தால் ஷிப்ட் முடியட்டும் என்று காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. கேஸையோ கரண்டையோ நிறுத்தி மூடியால் மூட வேண்டும். சேர்ந்த முதல் நாளே தீயணைப்பான் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

ஆனால் உடம்பைவிட முகம்தான் சீக்கிரம் களைத்துப்போகும். ஞாயிறு ராத்திரி 8 மணிக்கு கவுன்டரில் இருபது பேர் நிற்பார்கள், வெளியே டெலிவரி பையன்கள் நிற்பார்கள். ரம்ஜான் மாதத்தில் கீழக்கரை, தொண்டி பக்கமெல்லாம் நோன்பு திறந்த பிறகு ஒரு கூட்டம், இரவுத் தொழுகை முடிந்து இன்னொரு கூட்டம். ராமேஸ்வரத்துக்கு யாத்திரை வந்தவர்கள் நம் ஊர் வழியாகத் திரும்பும்போது, “இது சைவ எண்ணெயில் பொரித்ததா?” என்று இந்தியில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குத் தெரியாமல் ‘ஆமாம்’ சொல்லிவிடக் கூடாது, அது ஒருவருடைய நம்பிக்கை. உள்ளே போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். கத்துகிறவரிடம் திருப்பிக் கத்தாமல், “ரெண்டு நிமிஷம் சார், புதுசா எடுத்துத் தர்றேன்” என்று சொல்லப் பழக எனக்கு ஒரு வருடம் பிடித்தது. வீட்டுக்குப் போய் அழுத நாட்கள் உண்டு. அழுங்கள், தப்பில்லை. ஆனால் தகாத பேச்சு, தகாத தொடுதல் என்றால் பொறுத்துக்கொள்ள வேண்டாம். பத்துப் பேர் வேலை செய்கிற இடத்தில் அதற்கென்று புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம்.

இனி பணம். நான் முதலில் சேர்ந்த கடை மதுரையில். பணி நியமனக் கடிதம் இல்லை, சம்பளச் சீட்டு இல்லை. ஒரு நாள் கல்லாவில் 340 ரூபாய் குறைந்தது. என் பெயரில் லாகின் செய்த மெஷினில் மூன்று பேர் பில் போட்டிருந்தார்கள், என் சம்பளத்தில் பிடித்தார்கள். எதைக் காட்டி வாதாடுவது என்று தெரியாமல் நின்றேன். அதனால் சொல்கிறேன்: உங்கள் பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதீர்கள், கல்லாவை வாங்கும்போதும் கொடுக்கும்போதும் எண்ணிக் கையெழுத்துப் போடுங்கள். நியமனக் கடிதம் இல்லாமல் ஒரு நாளும் வேலை பார்க்காதீர்கள். ஒரிஜினல் சான்றிதழை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள், நகல் போதும்.

கடிதத்தில் மூன்றைத் தேடுங்கள்: வார விடுமுறை, வேலை நேரம், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) – ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு). வாரத்துக்கு 48 மணி நேரம்தான் சட்டப்படி, அதற்கு மேல் போனால் இரட்டிப்புச் சம்பளம். உதாரணத்துக்குச் சம்பளம் 12,000 என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப். 12 சதவீதம், 1,440 ரூபாய். ஈ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 90 ரூபாய். கையில் வருவது 10,470. ‘பிடிக்கிறார்களே’ என்று வருத்தப்பட வேண்டாம், பி.எஃபுக்கு அவர்களும் அதே 1,440 போட வேண்டும், ஈ.எஸ்.ஐக்கு 390 போட வேண்டும். நீங்கள் கொடுக்கும் அந்த 90 ரூபாயில் உங்களுக்கு மட்டுமில்லை, உங்கள் வருமானத்தை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் வைத்தியம் பார்க்க வழி இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் கடல், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை என்று வருமானம் ஏறி இறங்குகிற வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை. மாதம் பிறந்தால் வரும் பணம் என்ற ஒன்று வீட்டில் இருந்தால், படகு போகாத நாளில் வட்டிக்குக் கை நீட்ட வேண்டாம். கடை மாறினாலும் அதே யு.ஏ.என். எண்ணை (உங்கள் பி.எஃபுக்கான நிரந்தர எண்ணை) தொடருங்கள், இடையில் பி.எஃப். பணத்தை எடுத்துவிடாதீர்கள். பத்து வருடம் சேர்ந்தால் ஓய்வூதியத் தகுதி வரும்.

மேலே வர முடியுமா என்று கேட்டீர்கள். க்ரூ, பயிற்சியாளர், ஷிப்ட் மேனேஜர், உதவி மேனேஜர், மேனேஜர் என்று படி இருக்கிறது. எனக்கு ஷிப்ட் மேனேஜர் ஆக நாலு வருடம் ஆனது, பி.காம். படித்த உங்களுக்கு அவ்வளவு ஆகாது என்று நினைக்கிறேன். ஏனென்றால் அந்த நாற்காலிக்கு வேண்டியது கணக்கு. பில்லில் போன துண்டு, வீணான துண்டு, ஃப்ரீசரில் மீதி இருக்கும் துண்டு, இந்த மூன்றையும் கூட்டினால் காலையில் இருந்த எண்ணிக்கை வர வேண்டும். வராவிட்டால் எங்கே போனது என்று தேடிக் கண்டுபிடிக்கிறவர்தான் மேனேஜர். ஆறு மாதம் ஆனதும் ஸ்டாக் எடுக்கிற இரவுகளில் கூட நிற்கக் கேளுங்கள். வெள்ளிக்கிழமைக்கு எவ்வளவு கோழி ஆர்டர் போட வேண்டும் என்று மனதுக்குள் ஓர் எண் சொல்லிப் பாருங்கள், மேனேஜர் போட்ட எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டு வருடத்தில் எந்தப் படியும் ஏற்றவில்லை என்றால், அனுபவச் சான்றிதழை வாங்கிக்கொண்டு வேறு கடைக்குப் போங்கள்.

அந்தச் சான்றிதழை வைத்து வளைகுடா நாட்டுக்கு ஆள் எடுக்கிறோம் என்று யாராவது வருவார்கள், நம் பக்கம் அது வராமல் இருக்காது. அரசிடம் பதிவு செய்த முகவரா என்று அரசின் இமைக்ரேட் (eMigrate) இணையதளத்தில் பாருங்கள். டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால் அந்த ஆளிடம் பேச்சையே நிறுத்திவிடுங்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு வேலை செய்யுங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்குப் போய் ஒரு ஓரத்தில் உட்காருங்கள். 8 மணிக்குக் கூட்டம் ஏறும்போது மேனேஜர் உள்ளே வந்து கை கொடுக்கிறாரா, நின்று கத்துகிறாரா என்று பாருங்கள். வேலை பார்க்கிற பெண் பிள்ளைகளில் ஒருவரிடம், குளோசிங் முடிந்து எப்படி வீட்டுக்குப் போகிறீர்கள் என்று கேளுங்கள். உங்களுக்குப் பாம்பனுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பேருந்து நிலையத்தில் முதலிலேயே விசாரித்துவிட்டுப் போங்கள்.