பேருந்து நிழற்குடைக்கும் நடைபாதைக்கும் யாரிடம் நிதி கேட்பது?

கேள்வி: டெல்லி மயூர் விஹாரில் குடியிருப்போர் நலச் சங்கம் ஒன்றின் செயலாளராக இருக்கிறேன். எங்கள் வாசலுக்கு எதிரே உள்ள பேருந்து நிறுத்தத்தில் நிழற்குடை இல்லை. அங்கிருந்து மெட்ரோ நிலையம் வரையிலான நடைபாதையும் உடைந்து கிடக்கிறது. இவற்றைச் சீரமைக்க அரசு நிதி எங்கே கிடைக்கும்? பணம் சங்கத்தின் கணக்குக்கு வருமா?

பதில்: பொதுச் சாலையில் நடக்கும் வேலைக்கான பணம் சங்கத்தின் கணக்குக்கு வராது. எந்த நிதியிலிருந்து ஒதுக்கினாலும் அது வேலையைச் செய்யும் அரசுத் துறைக்கே போகும். மதிப்பீடு தயாரிக்கும்படி அந்தத் துறையையும், பரிந்துரைக் கடிதம் தரும்படி மக்கள் பிரதிநிதியையும் விடாமல் கேட்பதே சங்கத்தின் பங்கு.

ஆகவே சாலை யாருடையது என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்; இத்தகைய மனுக்கள் பெரும்பாலும் முகவரிப் பிழையால்தான் கிடப்பில் போடப்படுகின்றன. டெல்லியில் 60 அடியும் அதற்கு மேலும் அகலமுள்ள சாலைகள் பொதுவாகப் பொதுப்பணித் துறையிடமும், குடியிருப்புகளுக்குள் செல்லும் குறுகிய சாலைகள் மாநகராட்சியிடமும் உள்ளன. இந்த அகலத்தை அளக்கும்போது தார் போட்ட பகுதியோடு நிறுத்திவிடாதீர்கள். நடைபாதையும் வடிகாலும் அதில் சேரும். ஐயம் இருந்தால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். விண்ணப்பம் தவறான அலுவலகத்துக்குப் போனாலும், அதை உரிய அலுவலகத்துக்கு அனுப்பிவைக்கும் கடமையைச் சட்டத்தின் 6(3) பிரிவு அவர்கள்மீதே சுமத்துகிறது. வாய்மொழியாகக் கேட்டால் இரண்டு துறைகளும் மற்றதைக் கைகாட்டும். எழுத்தில் வாங்கிய பதிலை மறுப்பது கடினம்.

நிதிக்கு மூன்று வழிகள் உண்டு. துறையின் சொந்த வரவுசெலவுத் திட்டமே இயல்பான வழி. நடைபாதைக்கு முதலில் அதையே கேட்க வேண்டும். அடுத்தது நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி: 1993-இல் தொடங்கிய இத்திட்டத்தில் ஒருவர் ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் வரையிலான பணிகளைப் பரிந்துரைக்கலாம். நிலைத்து நிற்கும் பொதுச் சொத்துக்கே இது பொருந்தும் என்பதால் நிழற்குடைக்கு ஏற்றது. அன்றாடப் பராமரிப்புக்கு இதில் இடமில்லை. உறுப்பினர் பரிந்துரைக்க மட்டுமே முடியும், ஒப்புதல் தருவது அதிகாரிகள். உங்கள் மக்களவை உறுப்பினர் கைவிரித்தாலும் டெல்லியின் மாநிலங்களவை உறுப்பினர்களை அணுகலாம். அவர்கள் மாநிலத்தின் எப்பகுதிக்கும் பரிந்துரைக்கலாம் என்பது பல சங்கங்களுக்குத் தெரியாது. மூன்றாவது சட்டமன்ற உறுப்பினர் நிதி. டெல்லியில் அது 2025-இல் 15 கோடியிலிருந்து 5 கோடியாகக் குறைக்கப்பட்டுவிட்டதால் போட்டி கடுமையாகியிருக்கும்.

மனுவில் "நடைபாதை மோசமாக உள்ளது" என்று மட்டும் எழுதுவதில் பயனில்லை. ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு நடந்து, மின்பெட்டியோ மரமோ மறிக்கும் ஒவ்வோரிடத்திலும் நடக்க எஞ்சியிருக்கும் அகலத்தை அளந்து, புகைப்படத்துடன் குறியுங்கள். சாலைப் பொறியியல் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல் குறைந்தது 1.8 மீட்டர் தடையற்ற அகலத்தையும், 150 மில்லிமீட்டருக்கு மிகாத ஓரக்கல் உயரத்தையும் கேட்கிறது. உங்கள் அளவுகளை அவற்றின் அருகே எழுதினால், இளநிலைப் பொறியாளரின் மதிப்பீட்டில் பாதியை நீங்களே எழுதிக் கொடுத்ததாகும். பேருந்து நிறுத்தங்களை மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி அமைக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு கூறுவதையும் தவறாமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிழற்குடையையும் நடைபாதையையும் ஒரே மனுவில் கேட்க வேண்டாம். டெல்லியில் பேருந்து நிலையங்கள், நிழற்குடைகள் போன்றவற்றுக்கெனப் போக்குவரத்து உள்கட்டமைப்பு மேம்பாட்டுக் கழகம் இருக்கிறது. நிழற்குடைக்கான மனுவைக் கழகத்துக்கு எழுதி, சாலைத் துறையின் தடையில்லாச் சான்றும் தேவைப்படும் என்பதால் அதற்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.