எலியின் பாதமும் உங்கள் முழங்காலும்

கேள்வி: எனக்கு 58 வயது, எடை 60 கிலோ. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். வலிக்கு டைக்ளோபினாக் மாத்திரையை நானே மெடிக்கலில் வாங்கி, ஒன்றரை வருடமாகத் தினம் ஒன்று போடுகிறேன். முடக்கத்தான் அதே அளவுக்கு வீக்கத்தைக் குறைப்பதாக ஆய்வில் நிரூபித்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. முடக்கத்தான் கேப்சூலுக்கு மாறிவிடலாமா? அட்டைப் படத்தை அனுப்பியிருக்கிறேன்.
- வாசகி, திண்டுக்கல்

பதில்: அம்மா, வந்த தகவல் முழுப் பொய்யில்லை. முடக்கத்தான், நொச்சி, பிரண்டை என்று நம் வேலியோரச் செடிகள் பலவற்றை இப்படிச் சோதித்திருக்கிறார்கள். மருந்தியல் மேற்படிப்பின்போது நானும் செய்திருக்கிறேன். அது எப்படி நடக்கிறது என்று தெரிந்தாலே உங்கள் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

கடற்பாசியிலிருந்து எடுக்கும் காராஜீனன் என்ற பொருளை (ஐஸ்கிரீமைக் கெட்டியாக்கச் சேர்ப்பதும் இதுதான்) கரைத்து, 0.1 மில்லி எலியின் பின்னங்கால் பாதத்தில் ஊசியாகப் போடுவோம். பாதம் பன் மாதிரி உப்பும். கணுக்காலில் பேனாவால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு வரை பாதத்தைப் பாதரசக் குழாயில் முக்கினால், பாதரசம் எவ்வளவு ஏறுகிறது என்பதை வைத்து வீக்கத்தைக் கணக்கிடலாம். எலி சும்மா இருக்காது. கோடு கொஞ்சம் தப்பினாலும் கணக்கு மாறிவிடும். நான் முதல் நாள் எடுத்த அளவுகளையெல்லாம் குப்பையில் போட்டேன். ஒரு பிரிவு எலிகளுக்கு வெறும் தண்ணீர், ஒரு பிரிவுக்கு டைக்ளோபினாக் போன்ற மருந்து, மற்றவற்றுக்கு இலைச் சாரம். மணிக்கொரு தரம் அளப்போம். வலிக்குத் தனிச் சோதனை: 55 டிகிரி சூட்டில் உள்ள தட்டில் சுண்டெலியை விட்டு, எத்தனை வினாடியில் பாதத்தை நக்குகிறது என்று பார்ப்பது.

ஆக, அங்கே அடங்கியது ஊசி போட்டதால் சில மணி நேரத்தில் வந்த வீக்கம். உங்களுக்கு இருப்பதோ பல வருடமாகத் தேய்ந்த மூட்டு.

அப்புறம் அளவைப் பாருங்கள். எலிக்குக் கொடுப்பது பெரும்பாலும் கிலோவுக்கு 200, 400 மில்லிகிராம். எலிக் கணக்கை மனிதருக்கு மாற்ற ஏறக்குறைய ஆறால் வகுப்போம். 400 என்று வைத்தால் உங்கள் எடைக்கு நாளுக்குக் கிட்டத்தட்ட 4 கிராம் வரும். அதுவும் இலை இல்லை. இலையை ஆல்கஹாலில் ஊறவைத்து, வடித்து, வற்றவைத்த சாரம். 10 கிராம் காய்ந்த இலையில் 1 கிராம் சாரம் கிடைத்தால், 40 கிராம் காய்ந்த இலை வேண்டும். பச்சையாக என்றால் ஒரு பெரிய கட்டு, தினமும். நீங்கள் அனுப்பிய அட்டையில் இருப்பது 500 மில்லிகிராம் இலைப்பொடி.

செடி என்பதால் நான் இளக்காரமாகப் பேசவில்லை. வில்லோ மரப்பட்டைப் பொடியை ஏறத்தாழ 50 காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததை எட்வர்ட் ஸ்டோன் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1763-இல் எழுதினார். அந்தப் பட்டையில் தொடங்கிய தேடல் ஆஸ்பிரினில் வந்து நின்றது 1897-இல். முடக்கத்தான் அந்தப் பாதையின் தொடக்கத்தில்தான் நிற்கிறது.

சரி, எனக்குக் கவலை கேப்சூலைவிட உங்கள் மாத்திரைதான். தினசரி டைக்ளோபினாக் பிரஷரை ஏற்றும், வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் இதயத்தையும் பாதிக்கலாம். ஒன்றரை வருடம் ரொம்ப அதிகம். அதை நிறுத்துங்கள், ஆனால் பிரஷர் மாத்திரையைத் தொடாதீர்கள். இந்த வாரமே ரத்தத்தில் கிரியேட்டினின், ஹீமோகுளோபின் பார்த்து, பிரஷரும் பார்த்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் போங்கள். மலம் கறுப்பாகப் போனால் அன்றைக்கே போக வேண்டும். வலிக்கு மேலே தடவும் ஜெல் போதுமா என்று அவரிடம் கேளுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணி இறக்குங்கள்; காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும்.

முடக்கத்தான் தோசை தாராளமாகச் சாப்பிடலாம். கேப்சூல் வேண்டாம். ஏற்கெனவே தொடங்கி, ஒரே வாரத்தில் வலி மாயமாகி, பசி கூடி, முகம் உப்பியிருந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். அப்படியானால் சட்டென்று நிறுத்தாமல், அட்டையோடு மருத்துவரைப் பாருங்கள்.