பத்தாவது ஆள்

சின்ன ஊர்களில் இருக்கும் யூத ஜெப ஆலயங்கள் சம்பளத்துக்கு ஆள் வைக்காமல் எப்படி நடக்கின்றன என்று கேட்டு வாசகர்கள் எழுதியவற்றிலிருந்து சில கேள்விகளும், அவற்றுக்கான பதில்களும்.

கே: நான் வேலை பார்க்கும் மெய்ன் மாநிலச் சிற்றூரின் ஜெப ஆலயத்தில் ரபியே இல்லை. வழிபாடு மட்டும் நடக்கிறது. அது செல்லுமா?
(ஒரு வாசகர், அமெரிக்கா)

ப: தாராளமாகச் செல்லும். ரபி என்பவர் பூசாரி அல்லர். சட்டம் கற்ற ஆசிரியர். ஜெபம் தெரிந்த யாரும் முன்னின்று நடத்தலாம். ரபி இல்லாமல் நடக்கும், பத்துப் பேர் இல்லாமல்தான் நடக்காது. 13 வயது நிறைந்த பத்துப் பேர் சேர்ந்தால் அது 'மின்யான்'. பழைய மரபுச் சபைகள் ஆண்களை மட்டும் எண்ணும். மற்ற பல சபைகள் பெண்களையும் சேர்த்து எண்ணும்.

ஒன்பது பேர்தான் வந்தார்கள் என்றால் யாரும் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதில்லை. இறந்தோருக்காகச் சொல்லும் கதீஷ், 'பரெகூ' அழைப்பு, 'பரிசுத்தர்' என்று மும்முறை போற்றும் கெதுஷா, மோசேயின் ஐந்து நூல்களான தோராவைச் சுருளிலிருந்து வாசிப்பது ஆகியவற்றை விட்டுவிட்டு மற்ற ஜெபங்களைச் சொல்லலாம். அன்றைய பகுதியை அச்சுப் புத்தகத்தில் படித்துப் பேசலாம். ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ணுவது வழக்கமில்லை. சங்கீதம் 28:9 எபிரேயத்தில் சரியாகப் பத்துச் சொல். ஆளுக்கு ஒரு சொல்லாகச் சொல்லிக்கொண்டே வருவார்கள்.

கே: அந்தப் பத்துப் பேரைச் சேர்ப்பதுதானே பாடு? அறிவிப்பு அனுப்பினாலும் ஐந்தாறு பேர்தான் வருவார்களாமே?
(ஒரு வாசகி, திருச்சி)

ப: 'அனைவரும் வருக' என்ற அறிவிப்பைப் படிக்கும் ஒவ்வொருவரும், மற்றவர்கள் போவார்கள் என்று இருந்துவிடுவார்கள். பெயர் சொல்லி, காரணம் சொல்லிக் கூப்பிட்டால்தான் கால் நகரும். சபையின் கையில் இருக்கும் நல்ல காரணம் 'யார்ட்சைட்' பட்டியல். நம் திதியைப் போன்றதுதான்: பெற்றோர் இறந்த எபிரேயத் தேதி ஆண்டுதோறும் வரும், அன்று பிள்ளைகள் கதீஷ் சொல்ல வேண்டும், அதற்குப் பத்துப் பேர் வேண்டும்.

மூன்று வாரம் முன்னதாக அந்தக் குடும்பத்தைக் கூப்பிட்டு, "நீங்கள் வருகிறீர்களா? உங்களுக்காக ஆள் சேர்க்கிறோம்" என்று சொல்லிவிட வேண்டும். பிறகு மற்றவர்களிடம், "அவருடைய அப்பாவுக்குக் கதீஷ், நீங்கள் ஏழாவது ஆள்" என்று சொல்ல வேண்டும். பத்து வேண்டுமென்றால் பதினான்கு பேரிடமாவது வாக்கு வாங்குங்கள். காய்ச்சல், பனி, பேரக்குழந்தை என்று மூன்று பேர் கட்டாயம் நின்றுவிடுவார்கள். ஒவ்வொரு வாரமும் முயன்று ஒவ்வொரு வாரமும் தோற்பதைவிட, மாதம் இரண்டு சனிக்கிழமையை உறுதியாக நடத்துவது மேல். இரண்டு முறை வந்து ஏமாந்தவர் மூன்றாம் முறை வரமாட்டார்.

எபிரேய நாட்காட்டியில் சில ஆண்டுகளுக்கு ஒரு மாதம் கூடும். அதனால் பட்டியலில் ஆங்கிலத் தேதியை மட்டும் குறித்து வைத்தால் நாள் தவறிவிடும். இரண்டு தேதியையும் எழுத வேண்டும்.

கே: எல்லா வேலையும் ஒரே ஆள் தலையில் விழுந்தால்?
(ஒரு வாசகர், கோவை)

ப: அந்த ஆள் நோயில் படுக்கும் நாளில் சபையும் படுத்துவிடும். சிறு சபைகள் அணைந்துபோவது பெரும்பாலும் ஆள் குறைவதால் அல்ல, இதனால்தான் என்பது எங்கள் கணிப்பு.

வேலைகளைப் பிரித்துவிடுங்கள். வழிபாட்டு ஒழுங்கைப் பார்க்கும் கப்பாய், கணக்கு, சமையலறை, கட்டடம், இறந்தோரை நீராட்டி அடக்கம் செய்யும் குழு என்று ஐந்து பொறுப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு துணையாள். இரண்டாண்டுப் பதவி, எல்லாரும் ஒரே ஆண்டில் மாறக்கூடாது. துணையாளே அடுத்த பொறுப்பாளர் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். காசோலைக்கு இரண்டு கையெழுத்து. சாவி எங்கே, கொதிகலனை எப்படி அணைப்பது, கல்லறை வரைபடம் யாரிடம் என்பதெல்லாம் ஒரு நோட்டில் இருக்கட்டும்.

கடினமானது தோரா வாசிப்பு. சுருளில் உயிர்க்குறியும் இல்லை, இசைக்குறியும் இல்லை. வாசிப்பவர் இரண்டையும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். சனிக்கிழமைப் பகுதி ஏழாகப் பிரியும். ஒவ்வொன்றிலும் குறைந்தது மூன்று வசனம். முழுவதையும் ஒருவருக்குக் கொடுக்காமல் ஆளுக்கு ஒரு பிரிவு கொடுங்கள். அடுத்த ஆண்டும் அதே ஆளுக்கு அதே பிரிவு. இரண்டாம் ஆண்டு பாதி உழைப்பு போதும். பல சபைகள் பகுதியில் மூன்றில் ஒன்றை மட்டும் வாசித்து, மூன்றாண்டில் முழுத் தோராவையும் முடிக்கின்றன.

சுருளைத் தூக்கிக் காட்டுவதற்குப் புதியவரைப் பழக்கக் கோடைதான் ஏற்ற காலம். அப்போது வாசிப்பது உபாகமம். சுருளின் பெரும்பகுதி வலது கோலில் சுற்றியிருப்பதால் வலக்கைப் பழக்கமுள்ளவருக்குத் தூக்குவது எளிது. ஆதியாகமத்தின் தொடக்கத்தில் கனமெல்லாம் இடப்பக்கம். அன்று புதியவர் கையில் கொடுத்தால் சாய்ந்துவிடும்.

ஓர் எழுத்து உதிர்ந்திருந்தாலும் அந்தச் சுருளில் வாசிக்கக் கூடாது. உறையின் மேல் கச்சையைக் கட்டி அடையாளம் வைத்துவிட்டு, எழுத்தரிடம் அனுப்ப வேண்டும். குளிர்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்த கட்டடமாக இருந்தால் வசந்தத்திலேயே சுருள்கள் வைக்கும் பேழையைத் திறந்து பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள்.

கே: சிற்றூர்ச் சபைகள் ஒன்றாகச் சேரும் கோடைக் கூடுகை உண்மையில் உதவுகிறதா, அல்லது ஒரு நாள் சாப்பாட்டோடு சரியா?
(ஒரு வாசகி, டொரண்டோ)

ப: நகரத்துச் சபைகள் கோடையில் காலியாகும், கடற்கரை, மலை ஊர்ச் சபைகள் நிறையும். நியூ ஹாம்ப்ஷயரின் பெத்லஹேம் என்ற மலை ஊருக்கு, மகரந்த ஒவ்வாமையால் தும்மித் தவித்த நகரத்து யூதர்கள் கோடைதோறும் வந்து தங்கினார்கள். அங்கே 1920-ல் ஒரு சபை உருவானது. மெய்னின் வாட்டர்வில்லில் 1902-ல் தொடங்கிய பெத் இஸ்ரயேல் சபை, அவ்வூர் கோல்பி கல்லூரியோடு சேர்ந்து சிற்றூர் யூத வாழ்வுக்கென ஒரு மையத்தை நடத்துகிறது. அவரவர் ஊரில் ஏழெட்டுப் பேராக இருப்பவர்கள் கூடுகையில் ஒரே அறையில் நூறு குரல் பாடுவதைக் கேட்டால் திரும்பிப் போகும்போது தெம்பு கூடியிருக்கும். அது சாப்பாட்டால் வருவதல்ல.

நாள் குறிப்பதில்தான் முதல் தவறு நடக்கும். எபிரேய நாட்காட்டியில் தம்மூஸ் மாதம் 17 முதல் ஆவ் மாதம் 9 வரையிலான மூன்று வாரம் எருசலேம் ஆலயம் இடிந்ததற்குத் துக்கம் காக்கும் காலம்; இசை கூடாது. கடைசி ஒன்பது நாள் இறைச்சியும் மதுவும் இல்லை, பலர் நீந்தவும் மாட்டார்கள். ஏரிக்கரைக் கூடுகையை அந்த நாட்களில் வைத்துவிட்டு, ஏன் யாரும் வரவில்லை என்று வருந்திப் பயனில்லை. ஆவ் 15-க்குப் பிறகு வையுங்கள்.

அடுத்தது பொழுது. ஜூன் கடைசியில் மெய்னில் சூரியன் மறைய 8.25 ஆகும். சனிக்கிழமை ஓய்வுநாளான சபாத்தை முடித்துவைக்கும் ஹவ்தாலா சடங்கு ஒன்பதே காலைத் தாண்டிவிடும், குழந்தைகள் தூங்கிவிடுவார்கள். ஆகஸ்ட் கடைசியில் எட்டரைக்குள் முடியும். ஹவ்தாலாவுக்கு ஏற்றும், பல திரி முறுக்கிய மெழுகுவர்த்தி கரைக்காற்றில் அணையும். கண்ணாடிக் கூண்டு ஒன்று கையில் இருக்கட்டும்.

நாற்பது பேருக்கு: அரைக் கிலோ ஹல்லா ரொட்டி நான்கு (ஆசீர்வாதத்துக்கு இரண்டு முழுதாக இருக்க வேண்டும்), 750 மி.லி. திராட்சை மது ஒரு புட்டி, திராட்சைச் சாறு ஒரு புட்டி. பால், காய்கறி, செதிலும் துடுப்பும் உள்ள மீன் மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். இறைச்சியும் பாலும் கலக்கும் சிக்கலே வராது. மெய்னின் பேர்பெற்ற சிங்கி இறால் மேசைக்கு வரவே கூடாது. 'எதையாவது கொண்டு வாருங்கள்' என்றால் பத்து வீட்டில் எட்டு வீடு இனிப்போடு வரும். வீட்டுக்கு ஒரு வகை என்று குறித்துக் கொடுங்கள். சபாத் சட்டத்தைக் கடுமையாகக் காக்கும் சபையில் பாத்திரங்கள் வெள்ளி மாலைக்குள் வந்துவிட வேண்டும்.

முக்கியமானது ஒன்று உண்டு. கோடை விருந்தாளிக்குத் தட்டை நீட்டியதும் ஒரு வேலையையும் நீட்டுங்கள். ஷோஃபார் கொம்பு ஊதத் தெரியுமா, மூன்று வசனம் வாசிப்பாரா என்று கேளுங்கள். செப்டம்பர், அக்டோபரில் பெருநாட்கள் வரும்போது யார் எதைச் செய்வார் என்ற பட்டியல் ஆகஸ்டிலேயே நிரம்பியிருக்கும்.

கே: கொச்சியில் இப்போது வழிபாடு உண்டா?
(ஒரு வாசகர், நாகர்கோவில்)

ப: மட்டாஞ்சேரி பரதேசி ஜெப ஆலயம் 1568-ல் கட்டப்பட்டது. கொச்சி யூதர்கள் ரபிகளை நம்பி இருந்ததில்லை. கற்ற பெரியவர்களே வழிபாட்டை நடத்தினார்கள். சமூகத் தலைவருக்குக் கொச்சி மன்னர் அளித்த பட்டம் 'முதலியார்' என்பது நம் காதுக்குப் பழகிய சொல். 1950-களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். இன்று ஊரில் மிஞ்சியவர்களால் மட்டும் பத்து சேராது. வெளியூரிலிருந்து யூதப் பயணிகள் வந்து எண்ணிக்கை நிறைந்தால் மின்யான் உண்டு. பார்க்கப் போகிறவர்கள் சனிக்கிழமையைத் தவிர்த்து விடுங்கள், அன்று பார்வையாளருக்கு அனுமதி இல்லை.