சிக்னல் நன்றாகக் காட்டியும் என் லேப்டாப்பில் மட்டும் வைஃபை திணறுவது ஏன்?

சிக்னல் கோடுகளில் குறையில்லை, வீடியோக்கள் ஓரளவு ஓடுகின்றன, ஆனால் வீடியோ அழைப்பில் உங்கள் குரல் மட்டும் எதிர்முனையில் விட்டுவிட்டுக் கேட்கிறது, அதே அறையில் ஃபோன் ஒழுங்காக வேலை செய்கிறது என்கிறீர்கள். புது ரூட்டர் வாங்கும் யோசனையைச் சற்றுத் தள்ளிவையுங்கள்.

அந்தக் கோடுகள் ரூட்டர் பேசுவது லேப்டாப்புக்கு எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதை மட்டுமே காட்டுகின்றன. லேப்டாப் பேசுவது ரூட்டருக்கு எட்டுகிறதா என்பதை அவை சொல்வதில்லை. திருவிழாவில் ஒலிபெருக்கி அறிவிப்பு கடைசி வரிசைவரை கேட்கும். கடைசி வரிசையில் நிற்பவர் கொடுக்கும் குரல் மேடைக்குப் போய்ச் சேராது. லேப்டாப்பின் அனுப்புதிறன் குறைந்திருந்தால் நடப்பது இதுதான். முதலில் அடிவாங்குவது அப்லோடு. டவுன்லோடும் முழுதாகத் தப்பாது: வந்து சேர்ந்த தரவுக்கு லேப்டாப் உடனுக்குடன் ஒப்புகை அனுப்ப வேண்டும், அது கேட்காவிட்டால் ரூட்டர் அனுப்பியதையே மறுபடி அனுப்பிக்கொண்டிருக்கும்.

விண்டோஸ் என்றால் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து நெட்எஸ்ஹெச், டபிள்யூலேன், ஷோ, இன்டர்ஃபேசஸ் என்ற நான்கு சொற்களையும் இடைவெளி விட்டுத் தட்டச்சு செய்யுங்கள். ரிசீவ் ரேட் (தரவு வரும் வேகம்), டிரான்ஸ்மிட் ரேட் (தரவு போகும் வேகம்) என்று இரண்டு வரிகள் எம்பிபிஎஸ் அளவில் வரும். அழைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். சும்மா இருக்கும் நேரத்து எண்களை நம்ப முடியாது. என் அக்கா மகளின் லேப்டாப்பில் சிக்னல் 70 சதவீதத்துக்கு மேல் இருந்தது. ரிசீவ் ரேட் 144, டிரான்ஸ்மிட் ரேட் வெறும் 6.5. பேட்டரியைச் சேமிப்பதாகச் சொல்லிக்கொண்டு லேப்டாப்போடு வந்த ஒரு மென்பொருள் செய்த வேலை அது.

சரிசெய்ய: டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் பிரிவில் வைஃபை அட்டையின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, அட்வான்ஸ்டு பக்கத்தில் டிரான்ஸ்மிட் பவர் என்ற வரியைத் தேடுங்கள். இன்டெல் அட்டைகளில் 1 முதல் 5 வரை படிகள் இருக்கும்; 5 என்பதே உச்சம், இயல்பாக இருக்க வேண்டியதும் அதுவே. சில அட்டைகளின் டிரைவரில், அதாவது அட்டையை இயக்கும் மென்பொருளில், இந்த வரியே இருக்காது. பவர் ஆப்ஷன்ஸில் உள்ள பவர் சேவிங் மோடு வேறு விஷயம், பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். பவர் சேவிங் மோடு அனுப்புதிறனைக் குறைப்பதில்லை. அட்டையை இடையிடையே தூங்க வைக்கிறது. ரூட்டருக்குப் பிங் என்ற சிறு சோதனைச் செய்தியை அனுப்பிப் பார்த்தால் பதில் வரும் நேரம் தாறுமாறாக ஏறி இறங்குவது பெரும்பாலும் அதனால்தான்.

லினக்ஸில் அனுப்புதிறன் டிஎக்ஸ்பவர் என்ற எண்ணாக டிபிஎம் என்ற மடக்கை அலகில் வரும். 20 என்றால் 100 மில்லிவாட், 10 என்றால் 10 மில்லிவாட். பார்வைக்குப் பாதியாகக் குறைந்ததுபோல் தெரியும். உண்மையில் பத்தில் ஒரு பங்காகிவிட்டது. எந்த நாட்டின் வைஃபை விதிகளைப் பின்பற்றுவது என்று அட்டைக்குச் சொல்லும் நாட்டுக் குறியீட்டைப் பொலிவியா என்று மாற்றினால் இந்த எண்ணை 30 வரை ஏற்றலாம் என்று இணையத்தில் பல வழிகாட்டிகள் சொல்கின்றன. செய்யாதீர்கள். சட்டச் சிக்கல் ஒருபுறம். அட்டையின் வன்பொருள் வரம்பைத் தாண்டித் திறன் கூடாது, அப்படியே கூடினாலும் அலை சிதைந்து வேகம் குறையத்தான் செய்யும்.

ஒன்று விட்டுப்போயிற்று. போவதும் வருவதும் சேர்ந்தே மோசமாக இருந்து, அண்மையில் பேட்டரி மாற்றவோ தூசு தட்டவோ லேப்டாப்பைத் திறந்திருந்தால், அமைப்புகளை நோண்ட வேண்டாம். வைஃபை அட்டையில் பெரும்பாலும் கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய ஆன்டெனா வயர்கள் பொருத்தப்பட்டிருக்கும். அவற்றின் முனை பாசிமணி அளவுதான். லேசாக இழுபட்டாலே கழன்றுவிடும். பழுது பார்ப்பவரிடம் அதைச் சரியாக அழுத்திப் பொருத்தச் சொல்லுங்கள்.

டிரைவரைப் புதுப்பித்தால் டிரான்ஸ்மிட் பவர் எந்தப் படியில் நிற்கிறது என்று மறுபடி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.