பத்து வாரம் ஆகியும் கரகரப்பு போகவில்லை என்றால்

குரலின் சுருதியை உயர்த்தச் செய்யும் வெண்ட்லர் முறை அறுவை முடிந்து பத்து வாரம் ஆகியும் கரகரப்பு போகவில்லை, சாயங்காலத்துக்குள் குரல் வெறும் காற்றாகிவிடுகிறது என்று பயந்து எழுதியிருக்கீங்க. இந்த அறுவைக்குப் பிறகு இது சகஜம். தையல் பிரிந்துவிட்டதோ என்று இப்போதே மனசை உடைச்சுக்காதீங்க, சகோதரி. குரல் நிலைகொள்ள ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகும்.

குரல் நாண்களின் முன்பகுதியை ஒட்டித் தைத்து, அதிரும் நீளத்தைக் குறைக்கிறார்கள். வீணைத் தந்தியை மெட்டில் அழுத்துவது போலத்தான். வீக்கம் முழுசா வடியாமல் மீதி நாண் சீராக அதிராது. அறுவைக்குப் பிறகு பேசாமல் இருக்க வேண்டிய "மௌன நாட்களில் கிசுகிசுத்துச் சமாளித்தேன்" என்றும் எழுதியிருக்கீங்க. எனக்கு அதுதான் உறுத்துகிறது. கிசுகிசுப்பிலும் தொண்டை இறுகும். அந்தப் பழக்கம் இன்னும் விடாமல் இருக்கலாம். நெஞ்செரிச்சல் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்க, அமிலம் மேலே வந்தால் புண் ஆறுவது தாமதமாகலாம்.

ஒரு சோதனை: ஒரே வாக்கியத்தை, காலையில் எழுந்ததும் ஒருமுறை, ராத்திரி ஒருமுறை போனில் பதியுங்க. நான் "பால் பாக்கெட் ரெண்டு குடுங்கண்ணா" என்று பதிந்தேன். சுருதி காட்டும் செயலியில் ஹெர்ட்ஸையும் குறிச்சு வையுங்க. காலையில் தெளிவு, ராத்திரி மோசம் என்றால் பெரும்பாலும் களைப்பு. பேச்சுப் பயிற்சியாளர் தேவை. வாராவாரம் சுருதி இறங்கிக்கொண்டே வந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஸ்ட்ரோபோஸ்கோப்பி (குரல் நாண்கள் அதிர்வதை கேமராவில் பார்க்கும் சோதனை) கேளுங்க. தையலின் நிலை அதில் தெரியும்.

சத்தமாகக் கூப்பிடும் பலம் பழையபடி திரும்பாமலே போகலாம். மூச்சு விடும்போது சத்தம் வந்தாலோ, திணறினாலோ, ரத்தம் வந்தாலோ காத்திருக்காதீங்க, உடனே அவசர சிகிச்சைக்குப் போங்க.