வெந்நீரும் ஒரு சாட்சிதான்

கேள்வி: எங்கள் சபையிலிருந்து ஒரு குழு வெளிநாட்டுக்கு ஊழியப் பயணம் போய்வந்தது. சாட்சிக் கூட்டத்தில் ஒரு சகோதரர், விமானத்தில் தூக்கம் வராததையும் ஜில்லென்ற தண்ணீரில் குளித்ததையும் பத்து நிமிடம் சொன்னார். இன்னொரு சகோதரி, ஐந்தாம் நாள் கிடைத்த ஒரு வாளி வெந்நீரைப் பற்றிக் கண்கலங்கிப் பேசினார். ஆத்துமாக்களைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் இதெல்லாம் எதற்கு? காணிக்கை கொடுத்து அனுப்பியவர்கள் வருத்தப்பட மாட்டார்களா? – ஒரு வாசகர்

பதில்: நான் வருத்தப்பட மாட்டேன். அந்தச் சகோதரி சொன்னதை நான் கூட்டத்தில் இருந்திருந்தால் ஆவலோடு கேட்டிருப்பேன். வெந்நீர் பரிசுத்தத்துக்கு விரோதமான விஷயம் என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

வேதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பவுல் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். நல்ல போராட்டத்தைப் போராடினேன், ஓட்டத்தை முடித்தேன் என்று எழுதிய கை, சில வரிகள் தள்ளி என்ன எழுதுகிறது? துரோவாவில் கார்ப்புவிடம் விட்டுவந்த மேலங்கியை எடுத்துக்கொண்டு வா, மாரிகாலத்துக்கு முன்பே வந்துவிடு. குளிர் வரப்போகிறது, போர்த்திக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கொரிந்தியருக்கு எழுதும்போதும் கப்பற்சேதத்தோடு சேர்த்துக் கண்விழிப்பையும் பசியையும் குளிரையும் அவர் கணக்கில் எழுதுகிறார். பவுலோடு பயணம் செய்து அப்போஸ்தலர் நடபடிகளை எழுதிய லூக்காவும் அப்படியே. கப்பல் உடைந்து 276 பேர் நனைந்துபோய் மெலித்தா தீவில் கரையேறியபோது, அந்தத் தீவார் மூட்டிக்கொடுத்த நெருப்பை அவர் எழுதாமல் விடவில்லை. அந்த நெருப்புக்கும் உங்கள் சபைச் சகோதரியின் வாளி வெந்நீருக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இன்னொன்று, இந்தச் சிரமங்களைச் சொல்லாமல் மறைப்பது நல்லதும் இல்லை. ஐந்தாறு மணி நேர வித்தியாசம் உள்ள நாட்டில் போய் இறங்கினால் உடம்பு பழகச் சில நாட்கள் ஆகும். கிழக்கு நோக்கிப் போனால் பலருக்கு இன்னும் கஷ்டம். அதிகாலை மூன்று மணிக்கு விழித்து, பகல் கூட்டத்தில் கண் சொருகுவது விசுவாசக் குறைவினால் வருவதல்ல. இதை வெளியே சொன்னால் ஆவிக்குரியவன் இல்லை என்று நினைப்பார்களோ என்று பயந்து, காய்ச்சலை மறைத்துக்கொண்டு கூட்டத்துக்குக் கூட்டம் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். கடைசியில் நடுராத்திரியில் வண்டி தேடி அலைவது தங்க இடம் கொடுத்த வீட்டார்தான். மலேரியா உள்ள நாட்டுக்குப் போகிறவர்கள் மருத்துவர் கொடுத்த மாத்திரையை வீடு திரும்பிய பிறகும் சொன்ன நாள் வரை விழுங்க வேண்டும். சில மாத்திரைகளுக்கு அது ஒரு வாரம், சிலவற்றுக்கு நான்கு வாரம். ஊர் வந்தாயிற்று என்று பாதியில் விட்டுவிடுகிறார்கள். திரும்பிச் சில வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் எங்கே போய்வந்தோம் என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும். சாட்சிக் கூட்டங்களில் இப்படிப்பட்ட பேச்சு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே வரலாம் என்பேன்.

சரி, எனக்குக் குறையே இல்லையா? இருக்கிறது. அது நீங்கள் சொல்லும் குறை அல்ல.

சில வருடங்களுக்கு முன் நான் போன ஒரு பயணத்தில், தங்கிய வீட்டில் எனக்கென்று ஒரு அறையும் கட்டிலும் கொடுத்தார்கள். கட்டில் குட்டை, கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கொசுவலையில் ஓட்டை. மூன்று இரவு மனதுக்குள் முணுமுணுத்தபடியே படுத்தேன். நான்காம் இரவு தண்ணீர் குடிக்க எழுந்து கதவைத் திறந்தால், வீட்டுக்காரரும் மனைவியும் மூன்று பிள்ளைகளும் கூடத்துத் தரையில் வரிசையாகப் படுத்திருந்தார்கள். அந்த வீட்டில் இருந்த ஒரே கட்டில் என்னிடம் இருந்தது. கொசுவலையும் அந்த ஒன்றுதான். தண்ணீர் குடிக்காமலே திரும்பி வந்து படுத்தேன். விடியும்வரை தூக்கம் வரவில்லை.

ஊர் திரும்பி நான் சொன்ன முதல் சாட்சியில் அந்தக் கட்டில் வந்தது, கூடம் வரவில்லை. இன்றும் அது என்னை உறுத்துகிறது. பயணம் போய்வருகிற நாம் நம்முடைய அசௌகரியத்தை மட்டும் எண்ணுகிறோம். நம்மால் அடுத்தவருக்கு வந்த அசௌகரியத்தை எண்ணுவதில்லை.

தெசலோனிக்கேயில் நடந்ததைப் பாருங்கள். பவுலும் சீலாவும் யாசோன் வீட்டில் தங்குகிறார்கள். கலகக்காரர் வந்து தேடியபோது இவர்கள் கிடைக்கவில்லை. பட்டணத்து அதிகாரிகளிடம் இழுத்துச் செல்லப்பட்டது யாசோன். ஜாமீன் கொடுத்ததும் யாசோன்தான். விருந்தாளிகள் இரவோடு இரவாகப் பெரோயாவுக்குப் போய்விட்டார்கள். வீட்டுக்காரர் அதே தெருவில் அதே அண்டை அயலாரோடு இருந்தாக வேண்டும். லூக்கா அவர் பெயரை எழுதிவைத்தார். பிலிப்பியில் பவுலைத் தன் வீட்டில் தங்கவைத்த லீதியாள் பெயரை எழுதினார், எருசலேமில் தங்க இடம் கொடுத்த மினாசோன் பெயரையும் எழுதினார். நம்முடைய அறிக்கைகளில் எத்தனை வீட்டார் பெயர் வருகிறது? கூட்டத்தின் எண்ணிக்கை வரும், போதகரோடு எடுத்த படம் வரும். சமைத்தவர் படத்தில் இருக்கமாட்டார்.

மிஷனரி வில்லியம் கேரி 1793-இல் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறி ஐந்து மாதம் பயணம் செய்ததைச் சிலிர்ப்போடு சொல்கிறோம். முதலில் வர மறுத்து, பிறகு கைக்குழந்தையோடு அதே கப்பலில் ஏறிய மனைவி டாரதியையும், மறு வருடமே மகன் பீட்டரைப் பறிகொடுத்து அவர் மனம் உடைந்துபோனதையும் எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறோம்?

ஆதிச் சபைக்கு இந்த உணர்வு இருந்தது. டிடாக்கே என்ற பழைய சபை ஒழுங்கு நூல், வருகிற அப்போஸ்தலனைக் கர்த்தரைப்போல ஏற்றுக்கொள்ளச் சொல்கிறது. உடனே, அவன் ஒரு நாள் தங்கலாம், தேவையானால் இரண்டாம் நாளும் தங்கலாம், மூன்று நாள் தங்கினால் கள்ளத் தீர்க்கதரிசி என்கிறது. புறப்படும்போது அடுத்த தங்குமிடம் வரைக்குமான அப்பம் போதும், பணம் கேட்கக் கூடாது. இந்த விதியை எழுதியவருக்கு வீட்டுக்காரியின் அடுப்பும் மாவுப் பானையும் தெரிந்திருக்கிறது.

அதற்காக, சின்னச் சந்தோஷங்களை யாரும் குற்ற உணர்வோடு அனுபவிக்க வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் நிற்க, நாம் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுக் காத்திருக்கும் அந்த இடைவெளி எவ்வளவு நல்லது! எதிரே இருக்கிறவர்களின் முகத்தைப் பார்க்க நமக்கு வேறெங்கும் நேரம் கிடைப்பதில்லை. தெரிந்த ராகத்தில் தெரியாத மொழிப் பாட்டு எழும்பும்போது நெஞ்சு அடைத்துக்கொள்ளும். நம் உச்சரிப்பைத் திருத்த ஒரு குழந்தை நான்கு முறை பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கும். இவற்றை மேடையில் சொல்லுங்கள், நானும் கேட்கிறேன்.

அடுத்த சாட்சிக் கூட்டத்தில் பேசுகிறவரை இடைமறிக்காதீர்கள். வெந்நீரோ தூக்கமோ, சொல்லி முடிக்கட்டும். அப்புறம் அன்பாக ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த வெந்நீரைக் காய்ச்சியது யார், அதற்காக எத்தனை மணிக்கு எழுந்தார்? அவருக்குத் தெரிந்திருந்தால் அதையும் சொல்லட்டும். தெரியாவிட்டால் ஒரு கடிதம் எழுதி விசாரிக்க இன்னும் நேரம் இருக்கிறது. வீட்டு முகவரி குழுத் தலைவரிடம் இருக்கும்.